இறங்கிக்கொண்டே போன சீற்

இல்-பிசார்,
14 யூன் 2004

அன்புள்ள மைத்துனர் பேனாட்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் முழங்காலுக்கு மேலே நான் நலம். முழங்காலைப் பற்றித்தான் இக்கடிதம். புரோசார்டில் நீரும் சிசிலியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வருடம் கார் வாங்கிய குஷியில் உமது நீலச் சைக்கிளை எனக்குத் தந்தீர் அல்லவா? நேற்றுத்தான் அதை முதன்முதலாக எடுத்தேன். றெனோல்டின் மகனுக்குப் பியர்பொன்ட்ஸ் கோயிலில் ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தந்தை. சீட்டாட்டத்தில் வாய் தடித்து, இரண்டு வருடம் என்னோடு கதையாமல் இருந்தவன் தானாக வீடு தேடி வந்து கேட்டது. பிள்ளைக்கு உடுப்புப் போடவென்று உமது அக்கா செலீன் காரோடு முன்னதாகவே போய்விட்டாள். நான் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு நிற்க பஸ் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையில் இந்தத் தீவில் அடுத்த பஸ்ஸை யார் நம்புவது? சுவரில் சாத்தியிருந்த சைக்கிளில் ஏறினேன்.

ஏறும்போது மாப்பிள்ளை மாதிரித்தான் இருந்தேன். பாலத்துக்கு வருவதற்குள் சீற் நாலு அங்குலம் இறங்கிவிட்டது. நிறுத்தி, மேலே இழுத்து, விரலால் நட்டை இறுக்கி ஏறினால் மறுபடி கீழே. வெள்ளைச் சேட்டு முழுக்கக் கிறீஸ். பாலத்துக்கு அப்பால் ஒரு டெப்பனர், அந்த மூலைக்கடைக்குள் ஓடி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "இருக்கை கீழே போகிறது, அவசரம்" என்றேன். கடைக்காரக் கிழவர் மிகுந்த பரிவோடு கழிப்பறையைக் காட்டினார். கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. தண்டு குழாய்க்குள் தொளதொளவென்று நிற்கிறது என்று சைகையில் சொல்லி, வெறும் சோடா ரின் ஒன்றைக் கத்தரித்து, தகட்டைத் தண்டில் சுற்றிச் செருகினார். நட்டை இறுக்க அவர் குறடு எடுக்கப் போன இடைவெளியில், பொறுமையில்லாமல் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சீற் அடிமட்டத்துக்குப் போய், தகடு மடிந்து, அங்கேயே இறுகிவிட்டது. இருவரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

மிச்சத் தூரம் முழங்கால் நாடியில் இடிக்க இடிக்க மிதித்தேன். கோயிலில் இறங்கினால் நிமிர முடியவில்லை. குந்தியபடியே நடுவழியால் போனேன். "பாருங்கோ, முழந்தாளிலை வாறார், என்ன பக்தி!" என்று அல்போன்சம்மா கண்ணைத் துடைத்தார். பாதருக்குப் பக்கத்தில் என் இடத்தில் சவிரிமுத்துவை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

றெனோல்ட் திரும்பி என் கிறீஸ் சேட்டைப் பார்த்தான்.

"என்ன அண்ணை, சைக்கிளிலையே வந்தனீங்கள்?"

"ஓமடா. வருவன் எண்டு சொன்னனான்தானே."

கோயில் என்றும் பாராமல் சிரித்தான். சவிரிமுத்துவை விலத்தி, கதிரை போட்டு, பிள்ளையை என் மடியில் வைத்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தரமும் மிதிப்பேன். ஆனால் உமது சைக்கிளில் அல்ல. செலீன் பிள்ளையோடு நிற்க, நான் மட்டும் காரில் ஏற்றி வந்து பழைய இடத்திலேயே சாத்திவிட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போம். சொந்த அத்தானுக்குக் கொடுக்கிற சாமானா இது?

சிசிலிக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் மாதா காப்பாராக, முக்கியமாக இறக்கங்களில்.

இப்படிக்கு,
அத்தான் கிறகரி

பி.கு.: உறையை ஒட்டுமுன் செலீன் இதை வாசித்தாள். "தம்பியின்ரை சைக்கிள் கராஜுக்குள்ளை கிடக்கு. இது பக்கத்து வீட்டுக்காரற்றை. தன்ரை சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறதெண்டு என்னட்டைக் கேட்டுத்தான் எங்கடை சுவரிலை சாத்தினவர்" என்கிறாள். ஆகவே உம்மைத் திட்டிய இடங்களை அடித்துவிட்டு வாசியும். மனிதர் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறார். சீற்றை மேலே இழுக்க முடியவில்லையாம்.