ஏரிக்கரையும் மூன்று நிறத் தலைப்பாகைகளும்

ஏழு மலையும் ஏழு சுங்கச்சாவடியும் தாண்டினால் வருகிற தெண்ணீர் நாட்டை மதிவல்லபர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். ஒருநாள் அவருக்குக் குடிமக்களைத் தரம் பிரித்துப் பார்க்கும் ஆசை வந்தது. படித்தவர்களுக்கு வெள்ளைத் தலைப்பாகை, சாமர்த்தியசாலிகளுக்கு நீலம், அறிவாளிகளுக்கு மஞ்சள் என்று சட்டம் போட்டார். தலைப்பாகை இல்லாதவர் அதிகாரிகளிடம் வாய் திறக்கக் கூடாது என்பது அதன் கடைசி வரி.

படித்தவர்களை அவர்கள் கொண்டுவந்த சான்றோலையைப் பார்த்தே முடிவு செய்தார்கள். சாமர்த்தியத்துக்குச் சோதனையே தேவைப்படவில்லை. நீலத் துணி வந்து இறங்கிய அன்றே பாதி காணாமல் போயிற்று. எடுத்தவர்கள் அத்தனை பேரும் தேறியதாக அறிவிக்கப்பட்டார்கள். அறிவை எதைக் கொண்டு அளப்பது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் கூடிக் கூடிப் பேசிய குழு, மஞ்சள் தலைப்பாகையை மன்னருக்கே சூட்டிவிட்டுக் கலைந்தது.

பெரிய ஏரியின் மடை காப்பவள் வெள்ளச்சி. அவளுக்குக் கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். நைச்சியமாக நாலு வார்த்தை பேசவும் வராது. எனவே வெறுந்தலையாகவே விடப்பட்டாள். ஐப்பசி மழையில் ஏரி ததும்பும் வரை அவள் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

அன்று காலை கரையின் அடியில், தாழத்தெருப் பக்கமாக, ஒரு நண்டு வளை வழியே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக வந்தால் பயமில்லை. மண்ணோடு வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். வெள்ளச்சி ஒரு கை அள்ளிப் பார்த்தாள். உள்ளங்கையில் செம்மண் தங்கியது. தாழத்தெருவில் அறுபது வீடுகள். அதில் ஒன்றில் அவள் மகள் காத்தாயி, பிள்ளை பெற்று ஒன்பதே நாளாகிப் படுத்திருந்தாள்.

சட்டமாவது ஒன்றாவது என்று அரண்மனைக்கு ஓடினாள்.

"சாமி, கரை உள்ளுக்குள்ள கரையுது. தண்ணி செவப்பா வருது. தாழத்தெரு சனத்த மொதல்ல கெளப்பி விடுங்க!"

வாய் திறந்த குற்றத்துக்காக அவளை அரை நாள் மழையில் நிற்க வைத்துவிட்டு, ஏழுகலைநாதர் என்ற வெள்ளைத் தலைப்பாகை வித்துவானைப் பல்லக்கில் அனுப்பினார்கள். அவர் கசிவுக்கு அடியில் குடம் வைத்து எண்ணினார்.

"நாழிகைக்கு நாலு குடம். நூலில் ஆறு குடம் வரை அனுமதி உண்டு. ஆகவே கரை நலம்."

"நெறத்தப் பாருங்க சாமி!"

"நிறத்தைப் பற்றி நூலில் பாடமே இல்லையே அம்மா. இல்லாததை எப்படிப் பார்ப்பது?"

மறுநாள் நீலத் தலைப்பாகை அமைச்சர் சிந்தாமணியார் வந்தார். "கசிவு என்று யாரும் சொல்லக் கூடாது. இது அரச ஊற்று" என்று அறிவித்துக் குத்துவிளக்கும் ஏற்றிவைத்தார். சிவப்பாக இருக்கிறதே என்று முணுமுணுத்தவர்களிடம், அது இரும்புச்சத்து என்றார். தாழத்தெருவே குடத்தோடு வரிசை கட்டியது. நெரிசலைக் கேள்விப்பட்ட மன்னர் மனம் இளகி, நான்கு வரிசை நிற்கும்படி ஊற்றின் வாயை அகலமாகத் தோண்ட உத்தரவிட்டார். தோண்டினார்கள் பாவிகள்!

வெள்ளச்சி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "படிச்சவரே நல்லாருக்குன்னுட்டாரு. ஒனக்குத் தலையில என்ன கட்டியிருக்குன்னு பேச வந்துட்ட?" என்றார்கள். காத்தாயிகூட, "எம்மா, ஊரே சிரிக்குது. சும்மாதான் இரேன்" என்றாள். மழையில் நின்றதைவிட அதுதான் வெள்ளச்சிக்கு வலித்தது.

கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, தெருமுனையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"மேட்டுத் திடல்ல விலையில்லா மஞ்சத் தலைப்பாகை குடுக்குறாங்களாம்! கைப்பிள்ளைக்கும் ஒண்ணு உண்டாம்! முந்துறவங்களுக்குத்தானாம்!"

எச்சில் விழுங்கும் நேரத்தில் தெரு காலியானது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காத்தாயி பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஊற்றுக் காவலர்கள் அவளையும் முந்தினார்கள். ஊற்றைப் பார்க்க வந்திருந்த வித்துவான்கூடப் பல்லக்கை விட்டுக் குதித்து ஓடினார். ஒரு நிறம் போதாது என்று நினைத்திருப்பார்.

பொழுது சாய்வதற்குள் கரை உடைந்தது. அறுபது வீடும் போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெள்ளச்சி பேரப்பிள்ளையைக் கையில் வாங்கி ஓவென்று அழுதாள். மற்றவர்கள் வெள்ளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தலைப்பாகை எங்க?" என்று கேட்டார்கள்.

பொய்ச்செய்தி பரப்பியதாக அவளைச் சபையில் நிறுத்தினார்கள். தண்டனை சொல்ல மன்னர் வாயெடுத்தபோது சிந்தாமணியார் அவர் காதில் கிசுகிசுத்தார்.

"மன்னா, இவளைத் தண்டித்தால் கரை உடைந்த கதையையும் சொல்ல வேண்டிவரும். பேசாமல் தலைப்பாகையைக் கொடுத்துவிடுவோம். அப்போது அது பொய்யே இல்லை. வெள்ளம் வருமென்று முன்கூட்டியே அறிந்து தாங்கள் தீட்டிய திட்டம்!"

நாட்டில் எல்லோருக்கும் மஞ்சள் தலைப்பாகை வழங்கப்பட்டது. தெண்ணீர் நாட்டில் அறிவில்லாதவர் ஒருவரும் இல்லை என்று அரசாணை வெளியானது. வெள்ளச்சி தனக்கு வந்ததைப் பிரித்துப் பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டினாள். அந்த நாட்டில் மன்னருக்கும் தேர்தல் உண்டு. தையில் நடந்த தேர்தலில், கூரையில்லாத தாழத்தெரு தலைப்பாகையோடு வரிசையில் நின்று மதிவல்லபரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. புதுக் கரையும் எழும்பியது. அதன் கீழேயே புது வீடுகளும் முளைத்தன.

அடுத்த ஐப்பசியில் வெள்ளச்சி கரையடியில் ஒரு கை தண்ணீர் அள்ளினாள். செம்மண் தங்கியது. தெருவுக்கு ஓடிச் சொன்னாள். இந்த முறை ஒருவரும் அவளைக் கேலி செய்யவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "எங்களுக்குத் தெரியாததா?" என்று மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள்.

இனி எதைத் தருவதாகச் சொல்லி இவர்களைக் கிளப்புவது? தலைப்பாகைதான் எல்லோரிடமும் இருக்கிறதே. வெள்ளச்சி கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள், முதலில் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.