ரொட்டி தின்றால்தான் பிள்ளை

ஒரு தாயின் கையில் ரொட்டியைத் திணித்து, "மொதல்ல இதத் தின்னு, அப்பறந்தான் புள்ள" என்று சொல்பவர் அவளைக் காப்பாற்றுகிறாரா, இல்லை தன் காரியத்தை முடித்துக்கொள்கிறாரா? எவ்வளவு யோசித்தும் இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் எங்கள் கஸ்டம்ஸ் அக்காவைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். நமுனுகுல மலையடியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் அவர். கொழுந்து பறிக்கும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலையேறுவார்கள். இடையில் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நானும் என் கைக்குழந்தையை அங்கேதான் விட்டிருந்தேன். இடைவேளை மணி அடித்ததும் ஓடுவேன்.

அக்காவுக்கு என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட. ஆனால் வாசலில் நின்றால் வாசல் தெரியாது. உள்ளே வரும் தாய்மாரை அவர் சோதிப்பதுபோல விமான நிலையத்தில்கூடச் சோதிக்கமாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

பிள்ளைகளுக்கு அவர் ஏகப்பட்ட மரியாதை கொடுப்பார். எல்லாரும் துரைமார். "தொர எந்திரிச்சிட்டாங்களா? தொரைக்கு யாரு மேல கோவம்?" என்பார். மரியாதை கிடைக்காதது தாய்மாருக்குத்தான். கொழுந்து பறிக்கும் செல்வி பால் கொடுக்க வந்து நின்றதும் தொடங்கிவிடுவார்.

"ஏய் செல்வி, தொர ஒன் மேல ரிப்போட் குடுத்திருக்காரு. நேத்து ராத்திரி நீ சாப்பிடலையாம். வாயத் தெற!"

உடனே அக்காவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வெளியே வரும். தின்று முடித்து, வாயைத் திறந்து காட்டினால்தான் பிள்ளை கைக்கு வரும்.

நானோ அப்போது மெலிவதற்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு பழைய சேலைச் சட்டை ஒன்றுகூடக் கையில் ஏறவில்லை. நாத்தனார் கல்யாணம் வேறு வந்துகொண்டிருந்தது. காலையில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி, மதியம் ஒரு துண்டு பப்பாசி, இரவில் கவலை.

"எனக்கு வேணாங்கக்கா. பசியில்ல" என்றேன்.

"ஒங்களுக்குப் பசியில்ல டீச்சர். தொரைக்குப் பசிக்குதே. அவரு எங்க போயி வாங்குவாரு, கடைக்கா?"

ஒரு நாள் அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ரொட்டியை மடித்துக் குடைக்குள் போட்டுவிட்டேன். வெறும் வாயை மென்றபடி பிள்ளையை வாங்கிப் பால் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தேன். ரொட்டி என் தலையில் விழுந்தது.

"ஆத்தாடி! ரொட்டி மழையில்ல பெய்யுது!" என்று அக்கா கத்தியதில், தூங்கிக்கொண்டிருந்த துரைமார் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து குடைக்கும் சோதனை.

அந்த மாதக் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் மகனைத் தராசில் போட்டார். எடுத்து மறுபடியும் போட்டார். முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது.

"நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா டீச்சர்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சில நாட்களாகப் பள்ளிக்கூடப் படியேறும்போது கண் இருட்டுவதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"மெலியலாம், யாரு வேணாங்கிறது? பட்டினி கெடக்காம மெலியுங்க. பால் குடுக்கிற ஒடம்பு இது" என்றார் மிஸ்.

அதற்குப் பிறகு நான் கடத்தலில் இறங்கவில்லை. அக்கா கொடுத்த ரொட்டியைக் கடைசித் துண்டு வரை தின்றேன். வீட்டிலும் நேரத்துக்குச் சாப்பிட்டேன். படியேறும்போது கண் இருட்டுவது நின்றது. அடுத்த கிளினிக்கில் முள் நகர்ந்தது. நான் அந்தத் தராசைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

நன்றி சொல்லலாம் என்று மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே போனேன். அக்கா என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "தொர, யாரு வந்திருக்கா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

ஓடிப்போய் மகனை வாங்கினேன். அவனுக்கு ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டிருந்தான். பால் கொடுக்க வந்திருந்த செல்வி சீனி போட்ட சாயத்தண்ணியைக் கொண்டுவந்து அக்காவைக் குடிக்க வைத்தாள்.

"காலையில என்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "நேத்து?" அக்கா கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே குடித்தார்.

"அது எங்க சாப்பிடுது டீச்சர்? டப்பாவுல இருக்கிறதெல்லாம் நம்ம வாயிலயில்ல போகுது!" என்றாள் செல்வி.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில ஒடம்பக் கொறைக்கச் சொன்னாங்க. எங்க மாமியா டப்பா நெறைய கட்டிக் குடுக்கும். மிச்சம் கொண்டுபோனா வீட்டுல பெரிய சண்ட. நான் என்னா செய்ய?"

"அப்ப நாங்கதான் ஒங்களுக்குக் குப்பக்கூடையா?"

"அப்பிடிச் சொல்லாதீங்க டீச்சர். தொரமாருக்குப் பால் வந்துச்சா, இல்லையா?"

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை விழுந்திருந்தால்? நான் கோபப்பட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சரிந்து உட்காரும்போதுகூட அவர் என் மகனைச் சுற்றிய கையை எடுக்கவில்லை. சுவரைப் பிடித்தது மற்றக் கை.

இப்போது இடைவேளையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். மிட்வைஃப் மிஸ் அவருக்கும் வழி சொல்லிவிட்டார்: ரொட்டியைக் குறைக்கலாம், நிறுத்தக்கூடாது, கீரை, முட்டை, அவித்த கௌப்பிப் பயறு என்று வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். இருவருமே மெல்ல மெல்ல இளைக்கிறோம். தலைசுற்றல் யாருக்கும் இல்லை. கல்யாணத்துக்கு நான் புதுச் சட்டையே தைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது ஒரே தொல்லை. கீரைக்கும் முட்டைக்கும் சம்மதித்த அக்கா, கௌப்பியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "இது குதிரைக்குப் போடுறது டீச்சர்" என்கிறார். தாளித்துப் பார்த்தேன், தேங்காய்ப்பூ போட்டுப் பார்த்தேன், சம்பலுக்குள் ஒளித்தும் பார்த்தேன். அவரிடமா ஒளிப்பது?

வாசகர்களே, கௌப்பி பிடிக்காதவரும் கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி அதைச் சமைக்க யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எத்தனை மணி நேர வேலையானாலும் பரவாயில்லை. என் மகன் வளர்ந்து, அவனுடைய பிள்ளையையும் அவர் துரை என்று கூப்பிட வேண்டும்.