ருசி பார்க்காத பனீர்

கத்தி இறங்கவில்லை.

சேஷு இன்னொரு முறை அழுத்தினார். பனீர் கட்டி பலகையிலிருந்து வழுக்கி, மேடையில் ஓடி, மிக்ஸியில் மோதி நின்றது. செங்கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

"என்னன்னா அது?" என்று கூடத்திலிருந்து அவர் மனைவி வாலாம்பாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. பனீர் கொஞ்சம் கெட்டியா இருக்கு."

"ஃப்ரீசர்லயா வச்சேள்?"

சேஷு கட்டியை எடுத்துத் திரும்பப் பலகையில் வைத்தார். நேற்று வாங்கியது கெட்டுப்போகக் கூடாதே என்று ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியவர் அவர்தான்.

மணி இரண்டு. நான்கு மணிக்குள் நஞ்சன்கூட்டிலிருந்து மூன்று பேர் ரயிலில் வந்து இறங்கிவிடுவார்கள். அபிஜித், அவன் அம்மா கனகவல்லி, அப்பா வரதன். சேஷுவின் மகள் ஸ்மிதாவும் அபிஜித்தும் ஹெப்பாளில் ஒரே கம்பெனி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஆரம்பித்த பேச்சு, கல்யாணம் வரை வந்திருந்தது. ஜாதகம் பொருந்தியாயிற்று. கனகவல்லி அம்மாள் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தால் போதும்.

அந்தச் 'சரி' அவ்வளவு சுலபமில்லை என்று சேஷுவுக்குத் தோன்றியது. அபிஜித்துக்கு இதற்கு முன் மூன்று இடம் வந்து, எல்லாம் பொருந்தி, பெண் வீட்டார் நஞ்சன்கூட்டுக்கு ஒருமுறை போய்வந்ததோடு நின்றுபோயிருந்ததாம். காரணம் ஸ்மிதாவுக்கும் தெரியவில்லை. 'ரொம்பக் கண்டிப்பான மனுஷி போலிருக்கு' என்று சேஷு முடிவு கட்டிவிட்டார்.

போன வாரம் அந்த அம்மாளே போனில் பேசினாள். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்காத்துல யார் சமையல்?" என்று கேட்டாள்.

பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று சேஷுவுக்குப் பட்டது. முப்பத்தாறு வருஷம் ரயில்வே ஆபீசில் பேனா பிடித்தவர் அவர். காப்பி டிகாக்ஷன் எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். பனீரை நடுவில் கீறி, புதினாச் சட்னி அடைத்து, மசாலாவில் புரட்டி, சுட்டு எடுக்கிறார்கள்.

"நானேதான்!" என்றார். "முக்கியமா ஸ்டஃப் பண்ணின பனீர் டிக்கா. என் கைப்பக்குவம்னு எல்லாரும் சொல்லுவா."

"அப்படியா! அப்போ ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிடறோம்" என்றாள் கனகவல்லி.

போனை வைத்ததும் சேஷு பூஜை மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். காலையும் மாலையும் பெருமாள் முன்னால் கைகூப்பி நிற்கிறவர். பெண்ணின் கல்யாணத்தைப் பொய்யில் ஆரம்பிப்பதா?

"நான் பண்ணிக் குடுத்துடறேன், நீங்க தட்டை மட்டும் எடுத்துண்டு வாங்கோ" என்றாள் வாலாம்பாள். யாதவகிரியில் அந்தத் தெரு முழுக்க அவள் கை ரசம் பெயர் போனது.

"அப்போ ஒரு பொய் ரெண்டு பொய்யா ஆயிடும். நான் சொன்னதை நானேதான் உண்மையாக்கணும். முடியற வரைக்கும் நீ சமையலறைக்குள்ள கால் வைக்கப்படாது."

"சத்தியமா வைக்கலை" என்று சிரித்தபடி அவள் ஒப்புக்கொண்டாள்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அந்த வீட்டில் எது சமைத்தாலும் முதலில் பெருமாளுக்குக் காட்டவேண்டும். அதுவரை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. முப்பது வருஷமாக வாலாம்பாள் ருசி பார்க்காமலே சமைக்கிறாள், ஒரு நாளும் உப்பு கூடியதில்லை, குறைந்ததில்லை. அதெல்லாம் பழக்கம்தானே, தனக்கும் வந்துவிடும் என்று சேஷு நம்பினார்.

முதல் வேலையாகப் பனீரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். கட்டி இளகியது. நன்றாகவே இளகியது. பன்னிரண்டு துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் பை மாதிரி நடுவில் கீறினால், நாலு துண்டு கையிலேயே உதிர்ந்துவிட்டது. போகட்டும், உதிர்ந்ததைச் சட்னியோடு பிசைந்து உள்ளே அடைத்துவிடலாம்.

மிக்ஸியில் கொத்துமல்லி, புதினாவோடு பச்சைமிளகாயைப் போட்டு அரைத்த பிறகு, எத்தனை மிளகாய் போட்டோம் என்று சந்தேகம் வந்தது. காம்புகளை எண்ணினார். பதினாறு.

"வாலா, பதினாறு மிளகாய் ஜாஸ்தியோ?"

"அய்யோ! இத்துனூண்டு வெல்லம் போடுங்கோ, அடங்கிடும்."

வெல்லக் கட்டியை அப்படியே போட்டார். அவ்வளவு தித்திப்பு ஆகாதே என்று இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தார். புளிப்புக்கு ஈடாக உப்பு. நாக்குக்கு வேலையில்லாததால் எல்லாம் மனக்கணக்கில் நடந்தது. வாசனை மூக்கில் ஏறாமல் இருக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே கலக்கினார்.

அடைத்ததும் சட்னி பிதுங்கி வெளியே வந்தது. பல் குத்தும் குச்சி தேடினார், கிடைக்கவில்லை. அலமாரியில், வாலாம்பாள் பூக் கட்டுவதற்கு நனைத்து வைத்திருந்த வாழைநார் கண்ணில் பட்டது. எட்டுத் துண்டையும் நாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். பார்ப்பதற்கு எட்டுப் பார்சல் தபாலுக்குப் போகத் தயாராக இருப்பதுபோல் இருந்தது.

"வாலா, மேல புரட்டறதுக்கு அந்த சாட் மசாலா எங்க இருக்கு?"

"மேல் தட்டுல, ஓரத்துலேர்ந்து மூணாவது டப்பா."

"எந்த ஓரம்?"

"ஜன்னல் பக்கம்னா!"

சமையலறையில் இரண்டு ஜன்னல் இருந்தது. சேஷு தனக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலிலிருந்து எண்ணினார். மூன்றாவது டப்பாவில் பழுப்பு நிறப் பொடி. வீடியோவிலும் பழுப்பு நிறம்தான். தயிரில் மூன்று கரண்டி கலந்தார். தயிர் தண்ணீராக இருந்ததால் கடலைமாவு போட்டார். மாவு கட்டி தட்டியதும் இன்னும் கொஞ்சம் தயிர். நிறம் மங்கிவிட்டதே என்று இன்னும் இரண்டு கரண்டி பழுப்புப் பொடி.

"ஏன்னா, சுக்கு வாசனை வர்றதே?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மூக்கைத் திருப்பிண்டிருக்கேன்!"

துண்டுகளை அதில் புரட்டித் தோசைக்கல்லில் போட்டார். முதல் இரண்டு நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் வாழைநார் காய்ந்தது, புகைந்தது, ஒரு துண்டில் குபீரென்று பற்றியும் கொண்டது. சேஷு பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லில் கொட்டினார். நெருப்பு அணைந்தது. வீடு முழுக்கப் புகை.

மாடி வீட்டு மஞ்சுநாத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வீட்டில் ஹோமமா என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். "ஏன் சார், மனேலி ஹோமமா?"

"ஆமா சார், கல்யாண ஹோமம்!" என்று ஸ்மிதா கூடத்திலிருந்து கத்தினாள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, யாக்கே, எதுக்கு இவ்வளவு டென்ஷன்? ஹோட்டல்லேர்ந்து வரவழைச்சுடலாம்ப்பா. பத்து நிமிஷம்."

"பேடா, வேண்டாம். நான் சொன்ன வார்த்தை."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்மிதா உள்ளே வந்தாள். மேடையில் சிந்தியிருந்ததைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மணி மூன்றே முக்கால். ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு ரயில் தாமதமாக வரவேண்டும் என்று சேஷு வேண்டிக்கொண்டார். அது நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

அவர் நாரை உரித்து, மிஞ்சிய ஏழு துண்டைத் தட்டில் அடுக்கி, பூஜை மாடத்தில் வைத்தார். மணி அடித்தார். 'பெருமாளே, வாய் தவறிப் பொய் சொன்னேன். என்னால் முடிந்த மட்டும் உண்மையாக்கிவிட்டேன். ருசி உன் பொறுப்பு.'

கைமணி ஓய்வதற்குள் வாசல் மணி அடித்தது.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். விருந்தினர் முதலில் சாப்பிட வேண்டும் என்பதால் இப்போதும் சேஷு வாயில் ஒன்றும் வைக்க முடியவில்லை. ஆளுக்கொரு துண்டு. ஸ்மிதாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி அவளுக்கும் ஒன்று கொடுத்தாள் கனகவல்லி.

வரதன் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து, சீராக மென்று விழுங்கினார். அபிஜித்தும் அப்படியே. இரண்டு பேர் முகத்திலும் ஒரு மாறுதல் இல்லை. 'பரவாயில்லை, நன்றாகத்தான் வந்திருக்கிறது' என்று சேஷுவுக்கு மூச்சு வந்தது.

கனகவல்லி ஒரு கடி கடித்தாள். அவள் கண் மெல்லப் பெரிதானது. மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு, தன் தட்டைப் பார்க்காமல், ஸ்மிதாவின் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள்.

ஸ்மிதா முழுத் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. காது சிவந்தது. ஆனால் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"சூப்பர்ப்பா" என்றாள்.

"ஏம்மா, அப்பா பண்றதை எப்பவும் இப்படித்தான் சாப்பிடுவியா?" என்று கேட்டாள் கனகவல்லி.

"அப்பா எது குடுத்தாலும் சாப்பிடுவேன் ஆன்ட்டி. எனக்காகத்தானே இவ்வளவு சிரமப்பட்டுப் பண்றார்?"

சேஷுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டில் மீதி இருந்ததிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

முதலில் வெல்லம் தெரிந்தது. அடுத்து எலுமிச்சை. அதற்குள் பதினாறு மிளகாயும் ஒன்றாக வந்தன. கடைசியில், தொண்டையில், சுக்கும் திப்பிலியும் கண்டந்திப்பிலியும் எழுந்து நின்றன. வாலாம்பாள் தீபாவளி மருந்து கிளறுவதற்காக இடித்து வைத்திருந்த பொடி அது. தீபாவளிக்குச் சுண்டைக்காய் அளவு மருந்து சாப்பிட்டாலே ஊர் முழுக்கக் காது அடைக்கும்.

அவ்வளவுதான், கல்யாணம் போச்சு என்று அவருக்குத் தோன்றியது. பொய்யாவது மிஞ்ச வேண்டாம். எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மாமி, நான் ஒரு உண்மையைச் சொல்லணும். எங்காத்துல..."

"ஒண்ணும் சொல்லாதீங்கோ!" கனகவல்லி கையை உயர்த்தினாள். அவள் கண்ணிலும் தண்ணீர். "நான்தான் சொல்லணும். எங்களுக்கு ஸ்மிதாவை ரொம்பப் பிடிச்சுடுத்து. தை மாசமே முகூர்த்தம் பார்த்துடுங்கோ."

வாலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அபிஜித் சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துப் பாதி குடித்தான், மீதியை ஸ்மிதாவுக்குக் கொடுத்தான். கனகவல்லி எழுந்து போய் ஸ்மிதாவின் தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

காப்பி ஆயிற்று. அதை வாலாம்பாள் போட்டாள். பூ, பழம், தேங்காய் வைத்துத் தாம்பூலம் கொடுத்தாயிற்று. அப்போதும் சேஷுவின் மனசு ஆறவில்லை. ஆட்டோ வந்ததும் பெண்கள் எல்லோரும் முன்னால் போக, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வரதனைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்ககிட்டயாவது சொல்லிடறேன். நான் இன்னிக்கு முன்னாடி அடுப்பே பத்த வச்சதில்லை. எங்காத்துச் சமையல் வாலாவோடது. மாமிகிட்டேயும் சொல்லிடணும். இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

வரதன் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சேஷுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஆட்டோ பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"கல்யாணம் ஆனப்புறம் சொல்லுங்கோ சார், அவ கையால ஒரு வேளை சாப்பிட்டுட்டு மூணு சம்பந்தம் ஓடிப்போச்சு, இன்னிக்கு உங்க பனீரைச் சிரிச்சுண்டே முழுங்கின பொண்ணைப் பார்த்துட்டு, 'இவ என் சமையலையும் சாப்பிட்டுடுவா'ன்னு இப்பத்தான் முதல் தடவையா நிம்மதியா இருக்கா!"