வேதகிரி தனியாக மிதந்த குற்றம்

ஒரு காட்டில் இருமல் நோய் வந்தது. சாதாரண இருமல் இல்லை, பக்கத்தில் நிற்கிறவனையும் சேர்த்துப் படுக்க வைக்கிற இருமல். சிங்கராஜா தண்டோரா போட்டுவிட்டார்: "அவரவர் வளைக்குள் கிடக்க வேண்டும். யாரும் யாரோடும் சேரக் கூடாது."

நல்ல உத்தரவுதான். ஆனால் வேதகிரி என்ற நீர்நாயின் வளைக்குள் மொத்தம் பதினான்கு பேர். மாமனார், மாமியார், மச்சான், மச்சானின் வாண்டுகள் என்று ஒரு படையே, ஊரடங்குக்கு முதல் நாள் "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம்" என்று வந்திறங்கியிருந்தது. ஒருவர் தும்மினால் பதின்மூன்று பேர் முகம் துடைக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் வேதகிரிக்கு மூச்சு முட்டியது.

"இன்னும் ஒரு நாள் இங்க கிடந்தா நோய் வராமலே செத்துப்போவேன்" என்று புலம்பிக்கொண்டு ஏரிக்கு ஓடினான். வாழைமரத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் தள்ளி, மேலே ஏறி நின்று, மூங்கிலால் துடுப்புப் போட்டான். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. அப்பாடா! உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

அது பொறுக்குமா? கழுதைப்புலி இன்ஸ்பெக்டர் ஏழு காவலர்களோடு ஒரே பரிசலில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"யாரைக் கேட்டுடா தண்ணியில இறங்கின?"

"ஐயா, நான் தனியாத்தானே இருக்கேன்."

"அதுக்கு சாட்சி?"

"தனியா இருந்தா சாட்சி எப்படிங்கய்யா இருக்கும்?"

"எதிர்த்தா பேசுற?" முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அதட்டினார் இன்ஸ்பெக்டர். பிடித்துக்கொண்டு போய் அரசவையில் நிறுத்தினார்கள்.

சிங்கராஜாவுக்கு விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது. "அடடே, தனியாக இருப்பது எப்படி என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறதே! காடு முழுக்கப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தனித்திருத்தல் விழிப்புணர்வு விழா. வராதவர்களுக்கு ரேஷன் கிடையாது."

ஞாயிறன்று ஏரிக்கரையில் எள் போட்டால் எண்ணெய் வரும், அவ்வளவு கூட்டம். நடு ஏரியில் வேதகிரி மட்டும் மிதந்தான். கூட்டத்துக்குள் தன் மாமனார் நசுங்குவதைப் பார்த்ததும் பதறிவிட்டான்.

"ஐயோ, தள்ளித் தள்ளி நில்லுங்கய்யா!" என்று கத்தினான்.

சரியாகக் கேட்கவில்லையே என்று எல்லாரும் இன்னும் நெருங்கி வந்து கைதட்டினார்கள்.

ஒன்பதே நாளில் பாதிக் காடு படுத்துவிட்டது. விசாரணைக்குப் போட்ட பெருச்சாளி அறிக்கை தந்தது: "கூடிய அனைவரும் வேதகிரியைப் பார்க்கவே கூடினர். ஆகவே கூட்டம் கூட்டியவன் வேதகிரியே."

தீர்ப்பும் வந்தது. ஏரிக்குள் இறங்க ஆயுள் தடை, அதோடு நாற்பது நாள் கட்டாயத் தனிமை. காவலர்கள் அவனை அவன் வளைக்குள்ளேயே தள்ளி, வாசலைக் கல்லால் அடைத்தார்கள்.

உள்ளே பதின்மூன்று பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை வந்துட்டாரு, கொஞ்சம் நகருங்க" என்றார் மாமனார், இருமலுக்கு நடுவே.

நீதி: நோய்க் காலத்தில் தனியாகத் திரியாதே, மாட்டிக்கொள்வாய். கூட்டத்தில் நின்று இருமு; யார் பரப்பியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.