சிவப்பு விளக்கின் சிறுபான்மைக் கருத்து

மனித குலம் கண்டறிந்த உண்மைகளில் அசைக்க முடியாதது ஒன்றுதான்: "எங்க லேப்டாப்ல ஓடுதே." ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில், படகுகளுக்குத் தண்ணீரின் ஆழம் காட்டும் மென்பொருள் எழுதும் எட்டுப் பேரும் இந்த உண்மையை நம்பியே பிழைத்தார்கள்.

ஒன்பதாவதாக அங்கே ஒரு சர்வர் இருந்தது. யார் எதை எழுதினாலும் சோதித்துப் பார்ப்பது அதன் வேலை. தேறினால் கூரையில் பச்சை விளக்கு, தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால், கடைசியாக நிரலைத் தொட்டவர் எல்லோருக்கும் தேங்காய்த்தூள் தூவிய லாமிங்டன் கேக் வாங்கி வர வேண்டும். இத்தனை துரித நீதி எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது.

எட்டுப் பேரில் புதியவளான டாம்சினின் தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்று சிவப்பு எரிந்தால் வேலை நிரந்தரமாகாது என்று மேலாளர் ஃபெர்கஸ் மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார். திங்கள் முதலே சிவப்பு. கடைசியாகத் தொட்டது அவள்தான். திருத்தியது ஓர் எழுத்துப்பிழை. மூன்று நாளில் மூன்று பெட்டி லாமிங்டன் போயிற்று. மற்ற ஏழு பேரும் உதட்டிலிருந்த தேங்காய்த்தூளைத் துடைத்தபடி ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்கள்.

தப்பு தன்னுடையதே என்று நம்பி அவள் வரி வரியாகத் தேடினாள். வியாழனன்று காரணம் அகப்பட்டது. நாம் தட்டும் கட்டளையைக் கணினிக்கு எடுத்துச் சொல்லும் துபாஷியின் பெயர் ஷெல். சர்வரில் போன வாரம் அதை மாற்றியிருந்தார்கள். 'அடுத்த வரிக்குப் போகாதே' என்று பொருள்படும் '-n' என்ற குறிப்பை லேப்டாப் ஷெல் கேட்டு நடந்தது. புதிய ஷெல்லோ, வசனத்தோடு '(கண்ணீர் விட்டபடி)' என்பதையும் உரக்க வாசிக்கும் நடிகர் மாதிரி, ஆழத்தின் எண்ணுக்கு முன்னால் அந்தக் குறிப்பையே எழுதிக் காட்டியது.

தான்தான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று நான்கு முறை சரிபார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை 'உயர்மட்ட ஆய்வுக் கூட்டத்தில்' சொன்னாள். ஃபெர்கஸ் பொறுமையாகக் கேட்டார்.

"எட்டு லேப்டாப் சரிங்குது, ஒரு சர்வர் தப்புங்குது. மெஜாரிட்டி யாரு, டாம்சின்?"

"நாளைக்குப் படகுங்களுக்கும் இந்தப் புது ஷெல்தான் போகுது, ஃபெர்கஸ்."

"படகு மீட்டிங்குக்கு வரலையே."

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும் என்றாள். அந்த வரியை ஆறு வருடத்துக்கு முன் எழுதியவர் ஃபெர்கஸ். சபை நாகரிகம் கருதி அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

கூட்டம் மாற்றுவதென்றே முடிவு செய்தது. ஃபெர்கஸ் நாற்காலி மேல் ஏறி, சிவப்பு பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கைதட்டல் எழுந்தது. பிறகு டாம்சினின் நிரந்தர நியமனக் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"இனிமே சிவப்பே எரியாது. உனக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

டாம்சின் கடிதத்தைப் பார்த்தாள். கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

திங்களன்று தொலைபேசி அடித்தது. முப்பது வருடமாகப் படகோட்டும் மெர்ல் பேசினாள்.

"கண்ணு, எனக்குக் கீழ மைனஸ் நாலு மீட்டர் தண்ணின்னு காட்டுது. பக்கத்துல ஒரு எழுத்தும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அப்ப நான் பாறைக்குள்ளயா நிக்கறேன்? நூத்திப்பத்துப் பேரு ஏறியிருக்காங்க."

அலுவலகம் மொத்தமும் டாம்சினைத் திரும்பிப் பார்த்தது. நிரந்தர ஊழியர்களுக்கே உரிய நிதானத்தோடு அவள் பதில் சொன்னாள்:

"எங்க லேப்டாப்ல ஓடுதே."