முப்பது நாள் இலவசக் காவல்

மனிதர்களில் வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள் என்று இரண்டே வகைதான் உண்டு என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒப்பீட்டுக்காரரைத் தெரியாது. அவர் வாங்கவும் மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். கடைக்காரர் பொருளை எடுத்து வைத்ததும் திருப்பிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், யாரும் கவனிக்காவிட்டால் முகர்ந்துகூடப் பார்ப்பார், அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிப்பார், "இதுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்பார், கடைக்காரர் தொண்டைத் தண்ணீர் வற்ற வித்தியாசத்தைச் சொல்லி முடித்ததும், "சரி, பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போவார். எங்கே போவார்? அடுத்த கடைக்குத்தான்.

இந்த இனத்தின் முற்றிய ஆள் ஒருவர் பல் லேப் நடத்துகிறார். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அங்கே அனுப்புவார்கள். கம்ப்யூட்டரில் அதை விரித்துப் போட்டு, விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல் வடிவமைத்து, இயந்திரத்தில் கடைந்து, சூளையில் வேக வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பதினொரு கம்ப்யூட்டர், ஒன்பது ஆட்கள், எந்த மேசையைத் துடைத்தாலும் கையில் ஒட்டும் வெள்ளைத் தூள். இதில் வேடிக்கை என்னவென்றால், முதலாளிக்கே மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் கிடையாது. இரண்டு வருடமாகக் கிடையாது. அந்த இடத்தில் எந்தப் பொருளால் பல் கட்டுவது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தோன்றும். அவர் மனைவிதான் முடிவு செய்தார்.

ஒருநாள் மருத்துவர் ஒருவர் போனில், வேறொரு லேபில் வைரஸ் புகுந்து எல்லா ஃபைல்களையும் பூட்டிவிட்டதாகச் சொல்லி, "உங்க இடத்துல பாதுகாப்பெல்லாம் எப்படி?" என்று கேட்டு வைத்தார். இருந்த பாதுகாப்பு இதுதான்: நாலு கம்ப்யூட்டரில் எப்போதோ காலாவதியான ஆன்டிவைரஸ், இரண்டில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் இரண்டு ஆன்டிவைரஸ், மற்றவற்றில் பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கிற ஆன்டிவைரஸ், வாசலிலேயே ஆளை மறிக்கிற ஃபயர்வால், இரண்டும் சேர்ந்த ஒரே மென்பொருள், அதைத் தன் மேசையிலிருந்து தானே ஆளுவது என்று அன்றே தீர்மானித்தார். நல்ல தீர்மானம். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

இந்தச் செய்தியைக் கேட்டு அந்த லேபில் உண்மையாகவே சந்தோஷப்பட்டவர் ஒருவர்தான். வடிவமைப்பு மேசையில் மூத்தவர். முதலாளி உட்பட எல்லாருக்கும் அவர் அக்கா, முதலாளி அவரைவிட மூன்று வயது பெரியவர் என்றாலும். அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு பொக்கிஷம் இருந்தது. மென்பொருளோடு வருகிற பற்கள் எல்லாம் விளம்பரப் பற்கள்: வரிசையாக, வெள்ளையாக, யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கும். அறுபது வயது வாயில் அதை வைத்தால் கடன் வாங்கிய சிரிப்பு மாதிரி இருக்கும் என்பது அக்காவின் கட்சி. அதனால் ஒன்பது வருடமாக, ஒவ்வொரு பல்லாகத் தானே செதுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். லேசாகத் திரும்பிய பல், நூல் கடித்துக் கடித்து ஓரம் தேய்ந்த தையற்காரர் பல், பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்த பல் என்று ஆயிரத்து இருநூறுக்கு மேல். பழைய புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அவர் செய்து கொடுத்த பல்லைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அழுதவர்கள் உண்டு. அந்தத் தொகுப்புக்கு வேறெங்கும் நகல் கிடையாது.

"சார், எதையாவது ஒண்ணை வாங்கிப் போட்டுடுங்க. எனக்கு பயமா இருக்கு" என்றார் அக்கா.

"எதையாவதுங்கிற பேச்சே நம்மகிட்ட கிடையாதுக்கா. அலசிப் பாத்துதான் வாங்கணும்."

அலசல் தொடங்கியது. எக்செல்லில் பதினாலு பத்தி போட்டு ஆரம்பித்த அட்டவணை இரண்டே மாதத்தில் நாற்பத்தொரு பத்திக்குப் போனது. கண்டுபிடிக்கும் திறன், வேகம், லைசென்ஸ், போன் அடித்தால் எத்தனையாவது மணியில் எடுக்கிறார்கள், எடுக்கிறவர் குரலில் மரியாதை இருக்கிறதா, எச்சரிக்கைப் பெட்டியின் நிறம் கண்ணை உறுத்துகிறதா, எதை விட்டார்? பச்சை டிக், மஞ்சள் டிக், சிவப்புப் பெருக்கல் குறி, "யோசிக்கணும்" என்பதற்குச் சாம்பல் வட்டம். சாம்பல் வட்டங்கள்தான் மிகுதி. விற்பனையாளர்கள் வந்து டெமோ காட்டினார்கள். அவர்கள் ஊற்றிக் குடித்த காபியின் கறை வரவேற்பு மேசையில் வட்டம் வட்டமாகப் படிந்தது, அட்டவணையின் மறுபதிப்பு மாதிரி.

"சார், இது ஏழாவது டெமோ" என்றார் ஒரு விற்பனையாளர், அழாத குறையாக.

"ஆறாவது டெமோல ஃபயர்வாலைச் சரியா காட்டலையே நீங்க."

"நாலாவதுல காட்டினேன் சார்."

"நாலாவதுப்ப எதிர்ல வெச்சு ஒப்பிட வேற எதுவும் இல்லையேப்பா."

முப்பது நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று எல்லா நிறுவனங்களும் சொன்னதுதான் வினையாயிற்று. முப்பது நாள் முடிந்ததும் மனைவி பெயரில் இன்னொரு முப்பது. பிறகு மச்சான் பெயரில். பிறகு மச்சானின் மாமனார் பெயரில், பாவம், அந்தப் பெரியவருக்கு கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாது. தன் மெயில் முகவரியையோ கண்ணில் பட்ட அத்தனை நிறுவனத்துக்கும் வாரி வழங்கியிருந்தார். எந்த மென்பொருளைப் போட்டாலும் முதல் வேலையாக, யாரும் பென்டிரைவ் செருக முடியாதபடி எல்லாக் கம்ப்யூட்டரையும் தன் மேசையிலிருந்து பூட்டுவார். உட்கார்ந்த இடத்திலிருந்து பதினொரு பூட்டைப் போடுவதில் அவருக்கு அப்படி ஒரு குஷி.

"ஒரு மணி நேரம் திறந்து விடுங்க சார், என் பல் தொகுப்பை மட்டும் நகல் எடுத்து வெச்சுக்கறேன்" என்று அக்கா மூன்று முறை கேட்டார்.

"அதுதானேக்கா ஆபத்தே! பென்டிரைவ் வழியாத்தான் எல்லாம் வருது. நகல் எடுக்க தனியா ஒரு சாதனம் இருக்கு, அதுல இருபத்திரண்டு வகை. முதல்ல காவல், அப்புறம் நகல். அடுத்து அதைத்தான் ஒப்பிடப் போறேன்."

எட்டாவது மாதத்தில் மூன்று மென்பொருள்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. திரையில் தெரிகிற சின்னத்தின் நிறத்தை வைத்து அவற்றுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று பெயர். மூன்றையும் ஒரே சமயத்தில் ஓட விட்டால்தானே உண்மை தெரியும்? தன் கம்ப்யூட்டரில் பச்சை, வரவேற்பில் நீலம், அக்காவுக்குச் சிவப்பு என்று பிரித்துப் போட்டார். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆள வேண்டும் என்று புறப்பட்ட மனிதர் கடைசியில் மூன்று இடத்திலிருந்து ஆண்டார். மூன்றும் அனுப்புகிற மெயில்கள் தொல்லை தந்ததால், அவை தாமாகவே போய் விழுவதற்கு ஒரு பெட்டி ஏற்பாடு செய்து, அதற்கு "அப்புறம்" என்று பெயரும் வைத்தார்.

ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு வந்தது அந்த மெயில். "உங்களுக்கென்றே தயாரித்த ஆன்டிவைரஸ் ஒப்பீட்டு அட்டவணை, அறுபது பத்திகள்" என்று தலைப்பு. யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது என்று ஒப்பீட்டுக்காரர் கேட்பாரா? அறுபது பத்தியாயிற்றே! திறந்தார். உடனே பச்சை குறுக்கே பாய்ந்தது. "இது ஆபத்தானது, பிடித்து அடைத்துவிட்டேன், அழிக்கவா?" என்று திரை நடுவில் ஒரு பெட்டி.

நீங்களோ நானோ அழி என்று அழுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருப்போம். அவருக்கு நெஞ்சு பூரித்தது. எட்டு மாதமாக விளம்பரத் தாளில் மட்டும் படித்த திருடன், இதோ உயிரோடு கையில்! பச்சை பிடித்துவிட்டது, சரி. நீலம் பிடிக்குமா, சிவப்பு பிடிக்குமா? இதைவிட நேர்மையான பரீட்சை இனி எப்போது வரும்? அந்த மனிதர் அடைபட்டதை அவிழ்த்து விட்டார். பச்சை இரண்டு முறை மறித்தது. "எனக்குத் தெரியும், விடு" என்று இரண்டு முறையும் அழுத்தினார். லேபில் எல்லாரும் பயன்படுத்துகிற பொது ஃபோல்டரில் அதைத் தன் கையாலேயே போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரவேற்புக்குப் போனார். நீலம் இரண்டே வினாடியில் அலறிப் பிடித்தது. குறித்துக்கொண்டார்.

அக்கா சூளையைப் பார்க்கக் கீழே போயிருந்தார். முதலாளி அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் திறந்தார். சிவப்பு வாய் திறக்கவில்லை. "தாமதம்" என்று எழுதினார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நாலாவது நிமிடத்தில் பல் தொகுப்பில் இருந்த ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. அதையும் எழுதினார்.

"என் சீட்ல என்ன சார் பண்றீங்க?" அக்கா கதவருகில் நின்றார்.

"ஒரு சின்ன டெஸ்ட்டுக்கா. சிவப்பு தேறலை. நல்லவேளை, வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு!"

அக்கா திரையைப் பார்த்தார். பாய்ந்து வந்து சுவரிலிருந்து எல்லா வயரையும் பிடுங்கினார். அதனால் மற்ற பத்து கம்ப்யூட்டர்கள் பிழைத்தன. அவருடையது பிழைக்கவில்லை. மறுபடி உயிர் கொடுத்தபோது, எல்லாம் பூட்டப்பட்டுவிட்டது, சாவி வேண்டுமானால் மூன்று நாளுக்குள் விலை பேசு என்று ஒரு வாசகம் மட்டும் நின்றது.

சிவப்பின் விற்பனையாளருக்கு முதலாளி போன் போட்டுக் கத்தினார். அந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க முப்பது நாள் ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுடுச்சு சார். அன்னிலேர்ந்து அது வேலை செய்யாது. ஆறு மெயில் அனுப்பினோமே, பாக்கலையா?"

ஆறும் "அப்புறம்" பெட்டியில் பத்திரமாக இருந்தன.

ஆக, எட்டு மாதம் அலசி நடத்திய அந்த ஒரே உண்மையான பரீட்சையும் பொய்ப் பரீட்சை. வெட்கப்பட்டாரா என்கிறீர்களா? அந்த மூன்று நாளையும் அவர் வீணாக்கவில்லை. பூட்டிய ஃபைலைத் திறந்து தருகிறவர்கள் யார் யார் என்று தேடி, பன்னிரண்டு பேரைப் பிடித்து, புதிய அட்டவணை போட்டார். அதில் ஏழாவது பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கெடு முடிந்தது. பிறகு அந்தப் பன்னிரண்டு பேருமே முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

அக்கா கத்தவில்லை. சூளைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அந்த வெள்ளைத் தூளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஒன்பது வருடம், ஐயா! ஒப்பிடுவதற்கு அதைப்போல் இன்னொன்று எங்கும் இல்லாத பொருள் அது. திங்கட்கிழமை வந்து ராஜினாமாக் கடிதத்தை முதலாளி மேசையில் வைத்தார்.

"அவசரப்படாதீங்கக்கா. வேற லேப்லாம் எப்படி இருக்குன்னு நாலு இடம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"ஒரு இடம்தான் சார் பாத்தேன். பிடிச்சிருந்தது. சேர்ந்துட்டேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க பல்லும் அதுலதான் இருந்தது. உங்க வீட்டம்மா கொண்டுவந்து குடுத்த கல்யாண போட்டோவைப் பாத்துப் போன வருஷமே செஞ்சு வெச்சேன். எந்தப் பொருள்ல கடையணும்னு நீங்க சொல்லலை."

முதலாளி வாயைத் திறந்தார். இடது பக்கத்து இடைவெளி வழியாகக் காற்றுதான் வந்தது.

இப்போது அக்காவின் நாற்காலிக்கு இருபத்தாறு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. அட்டவணை தயாராகிறது. காவல்? சின்ன மச்சான் பெயரில் பச்சை ஓடுகிறது, இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள், தெரியும். இப்படியும் ஒரு ஆளா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் போகிறீர்கள். சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் திரையின் மூலையில் ரொம்ப நாளாக எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பாருங்கள். அதை எத்தனையாவது முறையாக "அப்புறம்" என்று மூடினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் அந்த ரகம் இல்லை என்கிறீர்களா? ரொம்ப சரி. நாக்கை மேல் வரிசையில் இடது பக்கமாக மெல்ல ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.