சாரும் சார்ந்தவரும்

இனிமேல் கடனே இல்லாமல் வாழ்வது என்று லிஃப்ட் மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தார். வாய் கொப்பளித்து முடித்த பிறகுதான், அதற்கு முதலில் இன்னொரு கடன் வாங்க வேண்டும் என்பது உறைத்தது.

விஷயம் இதுதான். போன வருடம் அவருடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். இருபது வருடம் ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்ட மனிதரை ஒரே காகிதத்தில் கீழே இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிடத்தான் நினைத்தார். அவள் கதவைத் திறந்து, "என்ன, இன்னிக்குச் சீக்கிரமா வந்துட்டீங்க?" என்றாள்.

"வேலை முடிஞ்சிருச்சு" என்றார்.

பொய் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்துதான் போயிருந்தது.

அன்று சொல்லாததை மறுநாள் சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் சொல்லாததை அடுத்த வாரம் சொல்லப் பயமாக இருந்தது. அதனால் தினமும் காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கலாம். அங்கே எல்லாருடைய முகமும் அப்படித்தான் இருக்கும். மூலையில் ஒரு லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறி இறங்கும். எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பக்கத்து நாற்காலி அம்மாள், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டுவிட்டாள்.

"வீட்டுக்காரிக்கு" என்றார்.

"என்ன செய்யுதாம்?"

"இன்னும் கண்டுபிடிக்கல."

சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. உடம்பு நல்லா இருக்குல்ல?"

"எனக்கென்ன குறைச்சல். உங்களுக்குத்தான் முகமெல்லாம் கறுத்துக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலைக்குப் போகிறவன் மாதம் பிறந்தால் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டாமா? கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் செருகி ரொக்கமாக எடுத்து, எப்போதும்போல உறையில் போட்டு நீட்டினார். அவள் எண்ணிப் பார்க்காமல் வாங்கி அலமாரியில் வைத்தாள். ஒரு மாதம் போனஸ் என்று சொல்லிக் கொஞ்சம் கூடவே கொடுத்தார். இல்லாத வேலைக்கு அவர்தானே முதலாளி. தாராள மனசுள்ள முதலாளி.

இப்படி அரை வருடம் போனபிறகு ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. முன்பு வாங்கியதில் முக்கால் பங்குதான் சம்பளம். அதையும் வீட்டில் சொல்லவில்லை. முக்காலைச் சொன்னால் முழுசையும் சொல்ல வேண்டியிருக்கும். கார்டில் எடுத்த ரொக்கத்துக்கோ எடுத்த நிமிஷத்திலிருந்தே வட்டி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதா மாதம் கட்டிவந்தார். கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. அவர் தொப்பைகூட இவ்வளவு ஒழுங்காக வளர்ந்ததில்லை.

கீழ்வீட்டில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். மெக்கானிக்கைவிடச் சின்னவர். உலகத்தில் உள்ள எல்லாக் கஷ்டத்துக்கும் அவரிடம் ஒரு திட்டம் இருக்கும். மாடிப்படியில் அவரைப் பிடித்து விஷயத்தைக் கொட்டினார் மெக்கானிக்.

"பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்கண்ணே."

"பேலன்ஸ்னு ஒண்ணு இருந்தா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்?"

"மிச்சம் இருக்கற பணம் இல்லண்ணே. மிச்சம் இருக்கற கடன். அதைப் பழைய கார்டுலேருந்து புதுக் கார்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம். அங்க கொஞ்ச காலத்துக்கு வட்டி கிடையாது. அதுக்குள்ள அடைச்சிரணும்."

"சும்மாவா தூக்கிட்டுப் போவான்?"

"தூக்குக்கூலி உண்டு. நூத்துக்கு மூணு ரூபா."

"அடைக்க முடியலைன்னா?"

"பழைய வட்டியே தங்கம்னு தோணும்."

போனில் மூன்று கார்டுகளைக் காட்டினார் ஏஜென்ட். ஒன்றில் தூக்குக்கூலி இல்லை. ஆனால் ஆறே மாதம்தான். இன்னொன்றில் ஒன்றரை வருடம், கூலி உண்டு. மூன்றாவதைப் பார்த்ததும் மெக்கானிக்கின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"அதென்ன பெட்டி படம்?"

"அதை வாங்கினா சூட்கேஸ் இலவசம். ஆனா மூணே மாசத்துல வட்டி ஆரம்பிச்சிரும். வேண்டாம்."

"பெட்டி நல்லா உறுதியாத் தெரியுதே."

"உங்களுக்குப் பெட்டி எதுக்குண்ணே?"

"வீட்ல விஷயம் தெரிஞ்சா அன்னிக்கே தேவைப்படும்."

கடைசியில் ஒன்றரை வருடக் கார்டையே தேர்ந்தெடுத்தார். அங்கேயே படியில் உட்கார்ந்து போனில் விண்ணப்பத்தை நிரப்பினார். மாத வருமானம் என்ற இடத்தில் பழைய சம்பளத்தைப் போட்டார். பொய்யாக இல்லை, பழகிப்போய்.

"சரிபார்க்க வீட்டுக்கு ஆள் வருவாங்க. அன்னிக்கு அண்ணி இல்லாம பார்த்துக்குங்க" என்று எச்சரித்துவிட்டு ஏஜென்ட் போனார்.

அண்ணியை எப்படி இல்லாமல் பார்த்துக்கொள்வது? அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் வேலை பார்த்தாள். சனி, ஞாயிறு வீட்டில்தான் இருப்பாள். மெக்கானிக்குக்குத் தூக்கம் கெட்டது. பேங்கிலிருந்து எந்த மெசேஜ் வந்தாலும் அவள் கண்ணில் படக்கூடாதென்று படிக்காமலே அழித்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. வேலையில் ஒருநாள் லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறி நின்றபடி, கீழே இருட்டாகத் தெரிந்த பள்ளத்தைத் தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்தவர் தோளைத் தொட்டு, "இறங்குங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை, கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் தெருவில் வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, கீழேயே வழிமறித்தார்.

"சார், நீங்க தண்ணி மீட்டர் பார்க்க வந்திருக்கீங்க."

"இல்ல சார், நான் பேங்க்லேருந்து..."

"தெரியும். மேல வந்தா மீட்டர்."

"எனக்கு உங்க கையெழுத்து ஒண்ணுதான் சார் வேணும்."

"இங்கயே போடறேன். எங்க போடணும்?"

"அவங்க முன்னாடி வாங்கணும்னு விதி சார்."

அவங்க என்றால் எவங்க என்று கேட்க மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. பேங்க்காரரை மேலே கூட்டிக்கொண்டு போய், "மீட்டர் பார்க்க வந்திருக்காரு" என்று மனைவியிடம் அறிவித்தார்.

"அப்படியா? பேங்க்ல இப்ப மீட்டரும் பார்க்கறாங்களா?" என்றாள் அவள். "உள்ள வாங்க தம்பி. விண்ணப்பம் போட்டது நான்தான்."

மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு மாடிக்கு நடுவில் கரண்ட் போன லிஃப்ட் மாதிரி.

பேங்க்காரர் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். "மாத்த வேண்டிய கடன் உங்க கணவர் கார்டுல இருக்கறது. சரிங்களாம்மா?"

"சரி."

"சாருக்கு எங்க வேலை?"

புதுக் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். சம்பளத்தையும் சொன்னாள். முக்கால்தான். ரூபாய் பிசகவில்லை.

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி பார்த்த வேலை போயிடுச்சு. நடுவுல அரை வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தாரு."

"அடடா. சாருக்கு உடம்புக்கு என்ன?"

"அவருக்கு இல்ல. எனக்குத்தானாம். இன்னும் கண்டுபிடிக்கலையாம்."

பேங்க்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்ட விண்ணப்பம் என்னாச்சு?" என்று ஈனக்குரலில் கேட்டார் மெக்கானிக்.

"சம்பளம் ஒத்துப்போகலன்னு தள்ளிட்டாங்க சார். மெசேஜ் வந்திருக்குமே." பேங்க்காரர் அடுத்த வரிக்குப் போனார். "விண்ணப்பதாரரைச் சார்ந்தவர்கள், ஒருத்தர்னு போட்டிருக்கீங்கம்மா. யாரு?"

"சார்தான்."

"நான் சம்பாதிக்கறேனே" என்றார் மெக்கானிக்.

"கார்டுக்குக் கட்டினது போக என்ன மிஞ்சுது, சொல்லுங்க" என்றாள் அவள்.

பிறகு அவள் கேட்டாள். ஒரு தவணை தாமதமானால் சலுகை போய்விடுமா? புதுக் கார்டில் சாமான் வாங்கினால் அதற்கு வட்டி உண்டா? தூக்குக்கூலியை முதலிலேயே பிடித்துக்கொள்வார்களா? பேங்க்காரர் இரண்டு கேள்விக்கு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் பேங்க்காரர் காட்டிய இடத்தில் மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சபையில் அவருக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

பேங்க்காரர் போனதும் மெக்கானிக் கதவைச் சாத்தினார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் வாரமே. கருவிப் பையில கம்பெனி சாமான் ஏதாவது இருக்கான்னு உங்க ஆபீஸ்லேருந்து போன் பண்ணிக் கேட்டாங்க. மறுநாள் லீவு போட்டுட்டு உங்க பின்னாடியே வந்தேன்."

"ஆஸ்பத்திரிக்கா?"

"ரெண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அப்புறமும் நாலஞ்சு தடவை வந்தேன். நீங்க சாப்பாட்டைப் பிரிச்சுச் சாப்பிடறீங்களான்னு பார்க்க."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். கேட்டா அங்கயும் உட்காராம வேற எங்கயாவது போயிடுவீங்களோன்னு பயம்."

"கார்டு விஷயம்?"

"கீழ்வீட்டுத் தம்பி பல் பிடுங்க வந்தாரு. டாக்டர் வாயைத் திறங்கன்னாரு. திறந்தவர் மூடவே இல்ல."

எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்து வந்தாள். அதற்குள் உறைகள். அவர் கொடுத்தவை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. போனஸ் உறை உட்பட.

"எங்கேருந்து வர்ற பணம்னு தெரியல. கடன் கொடுத்தவன் வாசல்ல வந்து நின்னு சத்தம் போட்டா, தூக்கிக் கொடுக்கலாம்னு தொடாம வச்சேன். என் சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு."

மெக்கானிக் உறைகளைப் பார்த்தார். இந்தப் பணத்துக்குத்தான் இத்தனை நாளும் வட்டி கட்டியிருக்கிறார். அது அவருடைய சட்டைகளுக்குக் கீழேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்பவே நீ சொல்லியிருந்தா வட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

"நீங்க அப்பவே சொல்லியிருந்தாலும் மிஞ்சியிருக்கும்."

அவள் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள். இதை வைத்து வாங்கிய அசலை அடைத்துவிடலாம் என்றும், வட்டியாக ஏறி நிற்பதை மட்டும் புதுக் கார்டுக்கு மாற்றினால் போதும் என்றும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இனிமே உன்கிட்ட எதையுமே மறைக்க மாட்டேன்."

அவள் கையை உருவிக்கொண்டு அடுத்த உறையை எடுத்தாள்.

"மறைங்க, பரவாயில்ல. நான் கண்டுபிடிச்சுக்கறேன். கடன் வாங்கி மட்டும் மறைக்காதீங்க."